தூங்க விடாத தாலாட்டு

என் மகளுக்காக நான் கட்டிய தாலாட்டைக் கேசட்டில் போடுவதாகச் சொல்லி, எங்கள் இசைக்குழுத் தலைவன் சேகர் வாங்கிப்போனான். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருந்த கேசட் கடையில் அது தலைதெறிக்க ஓடியதைக் கேட்டு அலறிவிட்டேன்.

"அண்ணே, மெஷின் கெட்டுப்போச்சு, நிறுத்துங்க!"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு, பாஸ். டிஸ்கோ பாட்டு லா. சூடா விக்குது, ரேடியோலயும் போடுறாங்க," என்றார் கடைக்காரர்.

சேகர் குடியிருக்கும் கிள்ளான் ஊருக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"உன் மெட்டை அப்படியே விட்டா, கேக்குறவன் தூங்கிடுவான்டா!" என்றான்.

"தாலாட்டுடா அது! தூங்கத்தான் வேணும்!"

அவன் சிரித்தான். பத்து வருட நண்பன், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வீட்டில் மகளை மடியில் போட்டு, பழையபடி மெதுவாகப் பாடினேன். அவள் எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ரேடியோல வர்ற மாதிரி பாடுப்பா!"

பாடினேன். குதித்துக் குதித்து ஆடினாள். சேகரோடு உறவை அன்றே முறித்துக்கொண்டேன். பெற்ற மகளோடு எப்படி முறித்துக்கொள்வது?