பின்னங்காலில் விழுந்த உதை

என் அண்ணன் ஃபிரிட்ஜ் தூக்குகிறவர். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி என்றால் முதலாளி அவரைத்தான் கூப்பிடுவார். தோளில் பட்டையை மாட்டி, ஃபிரிட்ஜை முதுகில் ஏற்றிக்கொள்வார். நான் பின்னாலிருந்து அடிப்பக்கத்தைத் தாங்கியபடி ஏறுவேன். என் வேலையில் பாதி கைக்கு, பாதி வாய்க்கு. "இடது பக்கம் சுவர் அண்ணே" என்று சொல்லவும் ஒரு ஆள் வேண்டுமே.

போன வருடம் அவருக்குக் குதிகாலின் பின்பக்கம் வலி வந்தது. கெண்டைச் சதையைக் குதிகாலோடு கட்டிவைத்திருக்கும் அந்தத் தடித்த நாரில். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் காலை ஊன்ற முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் போவார். பத்து நிமிடம் நடந்தால் வலி விட்டுவிடும். அங்கேதான் ஏமாந்தோம். நடந்தால் போகிற வலிக்கு நடைதான் மருந்து என்று கண்டுபிடித்த மேதாவி நான். அவரும் அரை மணி முன்னதாகவே வந்து லாரியைச் சுற்றிச் சுற்றி நடப்பார். "இப்ப ஓடச் சொன்னாலும் ஓடுவேன்டா" என்பார். சாயங்காலம் அந்த இடம் தடித்து வீங்கியிருக்கும். மறுநாள் மறுபடி லாரியைச் சுற்றுவார்.

அண்ணி மட்டும் டாக்டரைப் பார்க்கச் சொல்லி நச்சரித்தார்.

"பார்த்தா ரெஸ்ட் எடும்பாங்க. நான் படுத்தா என் இடத்துல வேற எவனாவது வந்து நிப்பான்" என்று அண்ணியின் வாயை அடைத்துவிட்டார் அண்ணன். எட்டு மாதம் அப்படியே ஓடியது.

அன்று மூன்றாவது மாடித் திருப்பம். அண்ணன் நுனிக்காலை ஊன்றி அடுத்த படிக்கு எம்பினார். படீரென்று ஒரு சத்தம். ஃபிரிட்ஜ் என் நெஞ்சின் மேல் சாய்ந்தது. எப்படியோ சுவரோடு அணைத்து நிறுத்தினேன். படியில் உட்கார்ந்துவிட்ட அண்ணன் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஏண்டா உதைச்ச?"

"நான் எங்க அண்ணே உதைச்சேன்? ரெண்டு கையும் ஃபிரிட்ஜ்ல இருக்கே!"

"பொய் சொல்லாத. பின்னங்கால்ல விட்டியே ஒண்ணு!"

ஆஸ்பத்திரி போகும் வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரம்மா அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அழுத்தினார். நல்ல காலின் பாதம் அசைந்தது. மற்றது அசையவே இல்லை.

"யாரும் உதைக்கலைங்க. நார் அறுந்தா அப்படித்தான் தோணும். எட்டு மாசமா அது கெட்டுக்கிட்டே வந்திருக்கு. நடந்தா உடம்பு சூட்டுல வலி மறையும், நார் ஆறாது. அதுமேலதான் நீங்க சுமை ஏத்தியிருக்கீங்க. முதல்லயே வந்திருந்தா சுமையைக் குறைச்சு, பயிற்சி குடுத்தே பார்த்திருக்கலாம்."

"மறுபடி தூக்க முடியுமா?"

"நடப்பீங்க. ஃபிரிட்ஜை மறந்திடுங்க."

அண்ணன் கழுத்தைத் திருப்பி அந்த அசையாத காலைப் பார்த்தார். பிறகு, "அப்ப நானேதான் என்னை உதைச்சுக்கிட்டேனா?" என்று கேட்டார்.

நடக்கச் சொன்னவன் நான் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நான்தான் உதைத்தேன் என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தால் என்னைத் திட்டியாவது மனசு ஆறியிருப்பார். அதற்கும் வழியில்லாமல், குப்புறப் படுத்தபடியே அழுதார். நான் அவருடைய செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.