கறுத்த கொலுசு

என் மகளுக்குக் காது குத்திய அன்று என் தம்பி கூனிக் குறுகி நின்றான். அவனை அப்படி நிற்கவைத்தவள் என் நாத்தனார். அவளையும் ஒரு நாள் நாலு பேர் நடுவில் அதேபோல் நிற்கவைக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

மேனாம்பேட்டில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடியில்தான் விசேஷம். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன், சீரும் அவனுடையது. தம்பிக்கு மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. கொலுசை முன்கூட்டியே வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு பீரோவில் பத்திரப்படுத்தியிருக்கிறான். தட்டில் பிரித்து வைத்தபோது அது திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. நாத்தனார் அதை இரண்டு விரலால் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

"இன்னா அண்ணி, உங்க தம்பி ஜெர்மன் சில்வர வாங்கினு வந்துகீறாரு. மாமன் சீருன்னா வெள்ளில வெக்கணும். என் கல்யாணத்துக்கு எங்க ஊட்ல குடுத்த வெள்ளித் தட்டு இன்னிக்கும் பளபளன்னு கீது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "வெள்ளின்னு சொல்லித்தான் குடுத்தாங்க" என்று தம்பி மெதுவாகச் சொன்னான். என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். தங்கையைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பந்திக்கு இலை போடுகிறேன் என்று நகர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு தம்பி எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவன் குடியிருக்கும் கள்ளிக்குப்பம் ஒன்றும் கடல் கடந்து இல்லை. கூப்பிட்டால், "வேல கீதுக்கா" என்பான்.

நான் அந்தக் கொலுசை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். வெள்ளியைப் பற்றி எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது, ஆத்திரம்தான் கற்றுக்கொடுத்தது. சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், நகைக்கு ஆகாது, வளைந்துவிடும். அதனால் செம்பு சேர்க்கிறார்கள். நூற்றில் தொண்ணூற்றிரண்டரை பங்கு வெள்ளி இருந்தால் 925 என்று முத்திரை குத்துவார்கள். சாதாரணக் கொலுசில் வெள்ளி அதைவிடக் குறைவாக இருக்கும், ஆனாலும் அது வெள்ளிதான். வேண்டுமென்றே கறுப்பேற்றி, பழைய நகை மாதிரி விற்பது ஒரு வகை. பித்தளைமேல் வெள்ளி முலாம் பூசியது இன்னொரு வகை. ஜெர்மன் சில்வர் என்பதில் பெயரைத் தவிர வெள்ளி கிடையாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். முக்கியமானது இதுதான்: ரப்பரும் செய்தித்தாளும் பட்டால் வெள்ளி கறுத்துப்போகும். தம்பி பத்திரமாக வைத்ததில்தான் அது கறுத்தது. கடையில் மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். வெள்ளிதான்.

அன்றே போய் நாத்தனார் முகத்தில் அதை எறிந்திருக்கலாம். ஆனால் எனக்கு அது போதவில்லை.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அவள் வீடு. பொங்கலுக்குப் போனபோது அந்தப் புகழ்பெற்ற தட்டில் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். ஆவி பறந்தது. நல்ல வெள்ளியாக இருந்தால் விளிம்பு வரை சட்டென்று சுட வேண்டும். சுடவில்லை. புளி போட்டுத் தேய்க்காமலே இத்தனை வருஷம் பளபளக்கிற தட்டு. எனக்குப் புரிந்துவிட்டது. "தட்டு அழகா இருக்கு" என்று சொல்லி இன்னொரு கரண்டி பொங்கல் வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக அந்த வீட்டில் நான் சாப்பிட்டதே இல்லை.

ஒரு வருஷம் காத்திருந்தேன். அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. தட்டைப் போட்டுவிட்டுப் புதுக் கொலுசு எடுக்கப்போவதாகவும், வெள்ளி பார்க்க நான் துணைக்கு வர வேண்டும் என்றும் சொன்னாள்.

"உன் மாமியாரையும் கூட்டிட்டு வா. பெரியவங்க கூட இருந்தா நல்லது" என்றேன்.

அம்பத்தூரில் கடைக்குப் போனோம். தட்டை மெஷினுக்குள் வைத்தார்கள். திரையில் வெள்ளி என்ற இடத்தில் பூஜ்யம் வந்தது. கடைக்காரர் தட்டைத் திருப்பிக் கொடுத்து, "இது ஜெர்மன் சில்வர்மா, நாங்க எடுக்க மாட்டோம்" என்றார். மாமியார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அளந்துதான் பேசுவார். மருமகளைத் திரும்பிப் பார்த்து, "இது உங்க வீட்டுல போட்டதுதானே?" என்று மட்டும் கேட்டார். நாத்தனார் முகம் செத்துவிட்டது. அந்த முகத்தை நான் நிதானமாகப் பார்த்தேன். பிறகு, "ஜெர்மன் சில்வர்னா உனக்குத்தான் பார்த்தவுடனே தெரியுமே" என்றேன். எனக்கு வயிறு குளிர்ந்தது.

சாயங்காலம் அவள் அண்ணனுக்குப் போன் செய்து அழுதாள். என் கணவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு, "அந்தத் தட்ட வாங்கினதே நான்தான்" என்றார்.

அவள் கல்யாணச் சமயத்தில் இவர் வேலை பார்த்த கம்பெனி மூடிக் கிடந்ததாம். வெள்ளி வாங்க வழியில்லை. அப்பா அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் இதை வாங்கி, வெள்ளி என்று கொடுத்திருக்கிறார்.

"அப்ப அன்னைக்கு மாடியில உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் ஏன் வாயத் திறக்கல?"

"வெள்ளியப் பத்திப் பேச்செடுத்தா, யாராவது அந்தத் தட்டையும் பாக்கலாம்னு சொல்லிட்டா?"

நான் சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தேன். நாத்தனாருக்கு வாய் நீளம், ஆனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. தன் தட்டு வெள்ளி என்று நம்பித்தான் பேசினாள். தெரிந்த ஒரே ஆள் இவர். தன் பொய்யைக் காப்பாற்ற என் தம்பியைப் பலி கொடுத்துவிட்டு இலை போடப் போனவர். இத்தனை நாளும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது வேறு ஆளுக்காக.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கள்ளிக்குப்பத்துக்கு இழுத்துப்போனேன். தம்பி முன்னால், அவன் மனைவி முன்னால், எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லவைத்தேன். இடையில் அவர் விழுங்கிய இரண்டு இடங்களில் திரும்பச் சொல்லச் சொன்னேன்.

தம்பி தலையைக் குனிந்து கேட்டான். பிறகு எழுந்து அவர் கையைப் பிடித்தான். "வுடு மாமா, அன்னிக்கு உன் நெலம அப்டி. வுடுக்கா."

அவன் விட்டுவிட்டான். நான் விடவில்லை.