கோஹு தீவின் கடைசிக் குருவி

டெயோனே பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் நியூசிலாந்தின் தென்கோடியில், அவர் தன் கையால் கட்டிய படகுக்கு ஈடாக இன்னொன்றை யாராவது காட்டட்டும் பார்க்கலாம்! வருஷா வருஷம் இலையுதிர்காலத்தில் குடும்பத்தோடு கோஹு தீவில் இறங்குவார். வளைகளில் கொழுத்துக் கிடக்கும் கடற்பறவைக் குஞ்சுகளைப் பிடித்து, உப்பிட்டு, கடற்பாசிப் பைகளில் அடைப்பார்கள். அதைத் தவிர வேறெதையும் தீவை விட்டுக் கொண்டுபோகக் கூடாது. ஒரு குடும்பத்துத் தீவின் உயிர் இன்னொரு குடும்பத்துத் தீவில் கால்வைக்கக் கூடாது. பாட்டன் காலத்துக் கட்டு அது.

அந்தக் கட்டைத் தளர்த்தச் சொல்லித்தான் பறவை ஆராய்ச்சிக்காரன் கோல்வின் வந்து கெஞ்சினான். பறக்காமல் தரையிலேயே ஓடித் திரியும் குட்டைவால் குருவி, உலகத்திலேயே கோஹுவில் மட்டும்தான் இருந்தது.

"ஐயா, இது சின்னத் தீவு. கரையும் வெகுதூரம். இங்க ஒரு இனம் அழிஞ்சா, வெளியிலேருந்து ஒண்ணு வந்து அந்த இடத்தை நிரப்பாது. நாலு ஜோடியைப் பக்கத்துத் தீவுல விட்டு வைப்போமே."

"யாரு, மச்சினி பிரிஹிரா தீவுலயா? என் குருவி அவ காட்டுல போய் மேயணுமா? போய்யா! நான் இருக்கற வரைக்கும் இதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அடுத்த வருஷம் குடிசைக் கதவைத் திறந்தால், மெத்தை பஞ்சு பஞ்சாகக் கிடந்தது. சுவரோரமெல்லாம் எலிப் புழுக்கை. படகைப் பாறையில் கட்டும் கயிற்றைப் பிடித்துத்தான் எலி இறங்கியிருக்க வேண்டும். அந்தத் துறையில் அவர் படகைத் தவிர வேறு படகு கட்டியதே இல்லை.

அவரும் கோல்வினும் வலை கட்டிக் காடெல்லாம் தேடினார்கள். எலி தின்றது போக ஒரே ஒரு குருவிதான் அகப்பட்டது. ஆண்.

"பொட்டை எங்கடா?" என்றார். கோல்வின் வலையைச் சுருட்டத் தொடங்கினான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு டெயோனே தாமே பிரிஹிராவின் தீவுக்குப் படகை விட்டார். அவள் இடுப்பில் கைவைத்துக் கரையில் நின்றாள்.

"என்ன மச்சான், வழி தப்பிட்டீங்களா? எங்க மண்ணு உங்க குருவிக்கு ஆகாதுன்னு சொன்னீங்களாமே?"

"கொஞ்சம் இறக்க விடும்மா."

"குருவி இறங்கட்டும். எலி வந்த உங்க படகு வேணாம். தள்ளியே நில்லுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்."

அவர் எஞ்சினை அணைத்தார். அவள் துடுப்புப் படகில் வந்து பெட்டியை வாங்கிப்போய்க் கரையில் திறந்தாள். குருவி புதருக்குள் ஓடிக் கூவத் தொடங்கியது.

"யாரைக் கூப்பிடுது மச்சான்?" இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

டெயோனே எஞ்சினை முடுக்கினார். அந்த இரைச்சலிலும் குருவியின் கூவல் கேட்டது.