மூன்றாவது சீட்டு

எங்கள் சபையில் சீட்டு எடுக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வந்திருக்கும் வரனுக்குச் சம்மதம் சொல்லலாமா, வேலையை விட்டுவிட்டுக் கடை போடலாமா, கண் ஆபரேஷனை இந்த மாதமே வைத்துக்கொள்ளலாமா என்று மனசு அல்லாடுகிறவர்கள் வருவார்கள். இரண்டு துண்டுக் காகிதம். ஒன்றில் ‘சரி’, ஒன்றில் ‘வேண்டாம்’. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து வேதாகமத்துக்குள் வைத்து, முழங்காலில் நின்று ஜெபித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அதுதான் ஆண்டவருடைய சித்தம். யாராவது முகத்தைச் சுளித்தால், இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டு ஆள் தேர்ந்தெடுத்தவர்கள்தானே என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். பாஸ்டருக்கு இந்தப் பழக்கம் அவ்வளவாகப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்று அவர் வாய்விட்டுச் சொன்னதும் கிடையாது.

கைராசி என்று எங்கள் ஆட்கள் சொல்லமாட்டார்கள். ராசி எங்களுக்கு ஆகாத வார்த்தை. “அக்கா எடுத்தா தப்பாதுங்க” என்பார்கள். கேட்க எனக்கும் இனிப்பாகத்தான் இருக்கும். இல்லை என்று சொன்னால் அது பொய்.

போத்தனூரில் என் வீடு. என் கணவர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கட்டியது, இரண்டு படுக்கையறை. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அவன் போகலாமா கூடாதா என்பதற்கும் நான்தான் சீட்டு எடுத்தேன். ‘போகட்டும்’ என்று வந்தது. அவன் போகக் கூடாது என்றுதான் என் மனசு கிடந்தது. இருந்தாலும் ஒரே தடவைதான் எடுத்தேன். வந்ததை அவனிடம் காட்டி, சிரித்த முகமாக வழியனுப்பியும் வைத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் முகம் காட்டுவான். “சாப்ட்டியாம்மா?” என்பான். சாப்பிட்டேன் என்பேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது.

தனியாக இருக்கிறவள் வீட்டுக்குள் எப்படி இருப்பாள் என்று யாரும் கேட்பதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். ஒரு பாக்கெட் மாவு வாங்கினால் எனக்கு நாலு நாள் வரும். நாலாம் நாள் தோசை புளித்துக் கிடக்கும்; அதையும் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே பிய்த்துத் தின்றுவிட்டுக் கையைக் கழுவிவிடுவேன். தட்டை எடுத்தால் அதை வேறு கழுவ வேண்டுமே. சபையில் எழுந்து நின்றால் கால்மணி நேரம் தடையில்லாமல் ஜெபிக்கிறவள், வீட்டில் டிவியில் யாரோ ஜெபிக்க, சோபாவில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்குவேன். பால்காரரிடம் பேசுவதைத் தவிர ஒரு வார்த்தை பேசாமல் போன நாட்கள் உண்டு. மறுநாள் பாட்டுப் பாட வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வரும்.

அந்தப் பெண் எங்கள் சபைக்கு வந்தது போன வருடம். நாற்பது வயதிருக்கும். பெருந்துறைப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு தடவை உடம்புக்கு முடியாமல் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துப் படுக்கைக்காரம்மா ஜெபித்ததில் தொடங்கியது அவளுடைய விசுவாசம். அண்ணன்மார்களுக்கு அது பிடிக்கவில்லை. இந்த வீடா அந்தக் கோயிலா, நீயே முடிவு பண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஒரு பையோடு போத்தனூர் வந்து, தையல் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டாள். சபையில் எனக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே இருக்கும். அவள் வந்து அதில் உட்கார்ந்தாள். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வேதாகமத்தைப் புரட்டுவாள்; நான் எடுத்துக் கொடுப்பேன். அவ்வளவுதான் பழக்கம்.

ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து செருப்புப் போடும் இடத்தில் என்னை நிறுத்தினாள்.

“ஏனுங்க்கா, ஒண்ணு கேக்கோணுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

“சொல்லு அம்மணி.”

“விடுதிய மூடறாங்களாமுங்க. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணோணுமுங்க. நானு உங்க ஊட்டுலயே வந்து இருந்துக்கட்டுங்களா? வாடகை குடுத்தர்றேனுங்க. உங்களுக்கும் ஒரு தொணையா இருக்கும்.”

கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன். அடுத்த நொடியே பயம் வந்துவிட்டது. நான் நின்றுகொண்டு தின்பதை இவள் பார்ப்பாள். டிவி முன்னால் தூங்குவதைப் பார்ப்பாள். வேதாகமம் மூன்று நாள் ஒரே பக்கத்தில் திறந்து கிடப்பதைப் பார்ப்பாள். சபையில் பார்க்கும் அக்காவும் வீட்டில் இருக்கும் கிழவியும் ஒரே ஆள் இல்லை என்பது ஒரே வாரத்தில் தெரிந்துபோகும். வேண்டாம் என்று நேராகச் சொல்ல எனக்கு வாயும் வரவில்லை.

“ஜெபம் பண்ணிப் பாத்து ஞாயித்துக்கெழம சொல்றேன் கண்ணு” என்றேன்.

“பண்ணுங்க்கா. உங்க ஜெபத்தக் கேப்பாருங்க” என்று நிம்மதியாகப் போனாள்.

சனிக்கிழமை காலை, பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ‘வரட்டும்’, ‘வேண்டாம்’ என்று எழுதி, மடித்து, வைத்து, ஜெபித்து, எடுத்தேன். ‘வரட்டும்’ என்று வந்தது.

எனக்குச் சுருக்கென்றது. மனசு ஒருமைப்படாமல் ஜெபித்துவிட்டேன், அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் நன்றாக, கண்ணீர் வருகிற அளவுக்கு ஜெபித்துவிட்டு மறுபடி எடுத்தேன். மறுபடியும் ‘வரட்டும்’. சீட்டு மேலாக இருந்தது போல, கையில் முதலில் பட்டுவிட்டது என்று நினைத்து, வேதாகமத்தை நன்றாகக் குலுக்கி, மூன்றாவது தடவை எடுத்தேன். ‘வேண்டாம்’ என்று வந்தது. அப்பாடா என்றிருந்தது. ஸ்தோத்திரம் என்றும் சொன்னேன், வெட்கமில்லாமல். சீட்டு இரண்டையும் உள்ளேயே வைத்துப் புத்தகத்தை மூடிவிட்டு மாவு வாங்கப் போனேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேட் அருகே எனக்காகக் காத்திருந்தாள்.

“ஜெபிச்சேன் அம்மணி. ஆண்டவரு வேண்டாம்னு சொல்லீட்டாரு” என்றேன்.

அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாம்னே சொல்லீட்டாருங்களா?”

“ஆமா கண்ணு.”

“செரிங்க்கா. அவரு சொன்னா செரியாத்தான் இருக்கோணும். வாரேனுங்க” என்று போய்விட்டாள். எங்கே போய்த் தங்குவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் ஏதாவது சொல்லியிருப்பாள், எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் அவள் சபைக்கு வரவில்லை. வேறு ஊருக்குப் போயிருப்பாள் என்று இருந்துவிட்டேன். பக்கத்து இடம் பழையபடி காலியானது. அதில் என் கைப்பையை வைத்துக்கொள்ளப் பழகினேன்.

நாலைந்து மாதம் கழித்துப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார் பாஸ்டரம்மா. தலைப்பு, தேவசித்தத்தை அறிவது எப்படி. எனக்குச் சொல்லவா வேண்டும்? பேசும்போது அந்தப் பெண்ணின் கதையையே சாட்சியாகச் சொன்னேன், ஆள் யாரென்று சொல்லாமல். மனித இரக்கத்தால் நான் சேர்த்துக்கொள்ள நினைத்தேன், ஆண்டவர் தடுத்தார், கீழ்ப்படிந்தேன் என்றேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். முதல் இரண்டு சீட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

கூட்டம் முடிந்து டீயும் போண்டாவும் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, பெருந்துறையில் மகளைக் கட்டிக்கொடுத்தவர், சாதாரணமாகப் பேச்சை எடுத்தார்.

“நம்ம சபைக்கு வந்துட்டு இருந்துச்சுல்லங்க்கா, அந்தத் தையக்காரப் புள்ள, அது இப்ப எம்மக ஊட்டுக்குப் பக்கத்து லைன்லதான் இருக்குது. எம்மக சர்ச்சுக்குக் கூப்புட்டா வரமாட்டேங்குதாமா. ‘நானு வரக்கூடாதுங்க, ஆண்டவரு என்னைய வேண்டாம்னு சொல்லீட்டாரு’ங்குதாமா. என்ன கிறுக்கோ பாருங்க.”

பாதிப் போண்டாவைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். முதலில் எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. வீட்டுக்கு வேண்டாம் என்றுதானே சொன்னேன், ஆண்டவருக்கே வேண்டாம் என்றா சொன்னேன்? இவளாக எதையோ நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்வது? இப்படிப் பொருமிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தேன். கதவைத் திறந்து உள்ளே போனதும் கோபம் போய்விட்டது. சொந்த வீட்டை விட்டுவிட்டு அவரை நம்பி வந்தவளிடம், அவர் வேண்டாம் என்றார் என்று போய்ச் சொல்லியிருக்கிறேன். அவள் வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வாள்?

ஞாயிறு பள்ளியில் இருபது வருடம் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுத்தவள் நான். ஆண்டவருடைய பெயரை வீணாக எடுக்கக் கூடாது என்ற கட்டளை வந்தால், அதனால் சத்தியம் பண்ணக் கூடாது பிள்ளைகளே என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விடுவேன். எனக்கு வேண்டாம் என்பதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாமல், அவர் பெயரைப் போட்டுச் சொன்னேனே, அதுவும் அந்தக் கட்டளையை மீறியதுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மன்னியும் என்று அழுது ஜெபித்தேன். ஒன்றும் லேசாகவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் பெருந்துறையில் இருந்தாள்.

போகலாமா வேண்டாமா என்று ஒரு சீட்டுப் போட்டுப் பார்த்தால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

அடுத்த ஞாயிறு, ஆராதனைக்குப் போகாமல் காந்திபுரம் போய் ஈரோடு பஸ் ஏறினேன். உடம்பு நன்றாக இருக்கும்போது நான் சபைக்குப் போகாத ஞாயிறு அதற்குமுன் நினைவில் இல்லை. பெருந்துறையில் இறங்கி, அந்த அம்மாவின் மகள் போனில் சொன்ன அடையாளத்தை வைத்து விசாரித்துப் போனேன். வரிசையாக ஒற்றை அறை வீடுகள். பொதுக் குழாயடியில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“வாங்க்கா, வாங்க. இவ்வளவு தூரம் பஸ்லயா வந்தீங்க? சொல்லியிருந்தா நானே வந்திருப்பனுங்களே.”

அறைக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். அவள் இப்போது போகும் தையல் கம்பெனியில் வேலை செய்யும் சின்னப் பெண்கள் இரண்டு பேர் அவளோடு தங்கியிருக்கிறார்களாம், கடைக்குப் போயிருந்தார்கள். மேலே பலகையில் அவளுடைய வேதாகமம் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்திருந்தது. முடிச்சு இறுகியிருந்தது.

டீ ஆறும்வரை காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று உடனே சொன்னேன்.

“நான் உங்கிட்டப் பொய் சொல்லீட்டேன் அம்மணி. மூணு தடவ சீட்டு எடுத்தேன். மொத தடவ வரட்டும்னு வந்துச்சு. ரெண்டாவது தடவையும் அதேதான். மூணாவது தடவதான் வேண்டாம்னு வந்துச்சு. அத மட்டும் உங்கிட்டச் சொன்னேன்.”

டீ சிந்தியதைத் துடைக்க நனைத்த துணி ஒன்று அவள் கையில் இருந்தது. தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“அப்ப அவரு என்னைய வேண்டாம்னு சொல்லலீங்களாக்கா?”

“இல்ல கண்ணு. நான்தான் சொன்னேன்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் வராமல் அழுதாள், நெடுநேரம். நானும் அழுதேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன்.

“ஊட்டுல நான் எப்புடி இருக்கேன்னு நீ பாத்துருவியேன்னு பயந்துட்டேன்.”

“எல்லாரும் ஊட்டுக்குள்ள அப்புடித்தானுங்களேக்கா இருக்கோம்” என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“இப்ப வா. அந்த ரூம் அப்புடியேதான் கெடக்குது. இன்னைக்கே வந்துரு.”

அவள் வாசலைப் பார்த்தாள். அந்த இரண்டு பெண்களும் தக்காளிப் பையோடு பேசிச் சிரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

“இல்லீங்க்கா. நானு இல்லீன்னா இதுக ரெண்டும் சோறாக்கித் திங்காதுங்க. இங்கயே பழகிப்போச்சுங்க.” பிறகு, தயங்கி, “அந்த மொதச் சீட்டு இன்னும் இருக்குதுங்களா?” என்று கேட்டாள்.

என் வேதாகமத்தைக் கைப்பையில்தான் கொண்டுபோயிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன்.

“வெறும் காலண்டர்த் தாளு அம்மணி. எழுதுனது நானு. இத வெச்சு அவரு மனசக் கண்டுபுடிக்க முடியாதுன்னு இப்பத்தான் எனக்கே புரியுது.”

“இருக்கட்டுங்க்கா” என்று சொல்லி, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்து, தன் வேதாகமத்தை எடுத்து அதற்குள் வைத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக உட்காரவைத்தாள். நாலு பேரும் தரையில் உட்கார்ந்து, தட்டில், தக்காளிச் சோறு சாப்பிட்டோம். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் பெருந்துறையிலேயே ஒரு சபைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். இங்கே யாராவது சீட்டு எடுக்கக் கூப்பிட்டால், இனிமேல் அந்த வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சிலர் இப்போது என்னிடம் முன்போல் பேசுவதில்லை.

அந்த ஞாயிறு பெருந்துறையிலிருந்து வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. போனில் மகனுடைய அழைப்பு மூன்று விடுபட்டிருந்தது. அவனுக்கு அது நடுராத்திரி ஆகியிருக்கும், கூப்பிடவில்லை. விளக்கைப் போட்டு, அடுத்த அறையின் கதவைத் திறந்து, சும்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு வேதாகமத்தைத் திறந்தேன். உள்ளே ஒரு சீட்டுதான் இருந்தது. ‘வேண்டாம்’ என்று என் கையெழுத்தில்.