கப்பி மீனுக்காகச் சிங்கப்பூர் வரை

"மீனுக்கு வைத்தியம் கேட்க யாராவது ஃபிளைட் ஏறுவாங்களா?" என் கணவர் செல்வம் சென்னை விமான நிலையம் வரை இதையே கேட்டுக்கொண்டு வந்தார். நான் ஏறினேன். நாலேகால் மணி நேரப் பயணம். வியாழக்கிழமை காலை ஏழு நாற்பதுக்குச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். முதல் வெளிநாட்டுப் பயணம். பெட்டியில் துணியைவிட மீன் குறிப்பேடுகள்தான் அதிகம்.

கொளத்தூரில் எங்கள் மொட்டைமாடியில் கப்பி மீன் வளர்க்கிறேன். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஆணுக்குத்தான் அழகு, விசிறி போல வால், உடம்பெல்லாம் நிறம். பதினோரு வருடம் பொறுக்கிப் பொறுக்கி இணைசேர்த்து, ரத்தச் சிவப்பு வால் கொண்ட ஒரு வகையை உண்டாக்கியிருந்தேன். போன வருடம் அது கெட்டது. பிறந்த ஆண்கள் வெளுத்துப்போயின; பெண்மீனைத் துரத்தவே இல்லை. கப்பிப் பெண் ஒருமுறை வாங்கிய விந்தைப் பல மாதம் வயிற்றில் வைத்திருந்து குட்டி போடும். அதனால் கோளாறு எனக்குத் தெரிய வந்தபோது ரொம்பத் தாமதமாகிவிட்டது. குட்டிகள் குறைந்துகொண்டே வந்து, மிச்சமிருந்தது ஒரே ஒரு தொட்டிக் கூட்டம். தீனியை மாற்றினேன், மருந்து போட்டேன். "விட்டுடு பரிமளா, மாடிய வாடகைக்கு விடலாம்" என்றார் செல்வம்.

ஜெசிந்தா சிங்கப்பூர்க்காரி. ஓர் ஆய்வுக்கூடத்தில் மீன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கப்பி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, இத போன்ல சொல்ல முடியாது. நேர்ல வந்து பாருங்க" என்றாள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

காலை ஒன்பது மணி. எக்ஸ்போ மெட்ரோ நிலையத்தில் நீல வழித்தடத்துக்கு மாறி நேராக லிட்டில் இந்தியா. டன்லப் ஸ்திரீட்டில் படுக்கை மட்டும் கிடைக்கிற விடுதி. பெட்டியைப் போட்டுவிட்டு நடந்தேன். மல்லிகைச் சரம், தங்கக் கடை, வாழையிலை, தமிழில் பெயர்ப்பலகை. ஊரைவிட்டு வந்த மாதிரியே இல்லை. ஆனால் வண்டிகள் ஹாரன் அடிக்கவில்லை, அதுதான் காதை உறுத்தியது. சாயங்காலம் ஊதா வழித்தடத்தில் ஒன்பதாவது நிறுத்தமான செங்காங்கில் ஜெசிந்தா வீட்டில் சாப்பாடு. பத்தாவது மாடி. சுவரில் மாதா படம், அதன் கீழே மூன்று கப்பித் தொட்டிகள்! அவள் தட்டை எடுத்து வைப்பதற்குள் நான் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஆய்வுக்கூடம் நகரத்தின் மேற்கே இருக்கிறது. ஜெசிந்தா முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தாள். ஒரு கண்ணாடித் துண்டை நுண்ணோக்கியின் கீழே வைத்தாள்.

"இது அரிசி மீன், ஆராய்ச்சிக்கு வளர்க்கிற பொடி மீன். நல்ல தண்ணியில வளர்ந்த ஆண். விந்துப்பைய மெல்லிசா சீவி வச்சிருக்கு. பாருங்க."

ரவையை நெருக்கமாகக் கொட்டினாற்போல் பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

"இப்ப இது. இதுவும் ஆண்தான், ஷுவரா. குஞ்சுலேர்ந்தே கருத்தடை மாத்திரையில இருக்கிற ஹார்மோன ரொம்பக் கொஞ்சமா கலந்த தண்ணியில வளர்த்தது."

ரவைக்கு நடுவில் உருண்டை உருண்டையாக ஏதோ கிடந்தது. என்னவென்று புரிந்ததும் கண்ணை இன்னும் நெருக்கிவைத்தேன்.

"முட்டையா? ஆணுக்குள்ளயா?"

"முட்டைதான்க்கா."

எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. கண்ணை எடுத்தேன், மறுபடி வைத்தேன். முட்டைக்கு வேண்டிய புரதத்தைச் செய்யத் தெரிந்த ஈரல் ஆண்மீனுக்கும் உண்டாம். பெண் ஹார்மோன் வந்து தட்டாதவரை அது தூங்கிக்கொண்டிருக்கும். தட்டிவிட்டால் ஆணும் அந்தப் புரதத்தைச் சுரக்கும். விந்து குறையும், நிறம் வெளுக்கும், துணை தேடும் ஆசையே போய்விடும். தட்டுவது ஹார்மோனாகவே இருக்க வேண்டியதில்லை. சில சோப்புத் திரவங்களும் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் பொருள்களும் உடம்புக்குள் போய்ப் பெண் ஹார்மோனைப் போலவே வேலை செய்யும். ஆறுகளில் சாக்கடை கலக்கும் இடங்களில் இப்படிப்பட்ட ஆண்மீன்களைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்களாம்.

"அக்கா, மீன் வெளுக்கறதுக்கு முன்னாடி உங்க மாடியில என்ன மாத்துனீங்க? யோசிங்க."

தீனி அதேதான். தொட்டி அதேதான். தண்ணீர் அதே லாரித் தண்ணீர். "ஒண்ணும் மாத்தலையே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

பிற்பகல் ஒன்றேகால். ஜெசிந்தாவோடு தேக்கா சந்தை உணவங்காடி. ஏழு டாலருக்கு ஆட்டிறைச்சி பிரியாணி. பக்கத்துக் கடைக்காரர் பெரிய நீல ட்ரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. ட்ரம்! மீன் வெளுப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தானே, லாரித் தண்ணீர் பிடித்துவைக்க ஒரு பழைய ட்ரம் வாங்கிப் போட்டோம்!

செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"மாடிக்குப் போங்க. நீல ட்ரம்மக் கவுத்து அடியில பாருங்க!"

"இப்பவா? தண்ணி நிரம்பியிருக்கு."

"கொட்டுங்க!"

மூச்சு வாங்கும் சத்தம், தண்ணீர் சரியும் சத்தம். "பாதி கிழிஞ்ச சீட்டு ஒண்ணு இருக்கு. இங்கிலீஷ்ல... மெஷின் கழுவற சோப்பு லிக்விடுன்னு போட்டிருக்கு."

நான் கத்திவிட்டேன். பக்கத்து மேசையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பினார். "என்னம்மா, நாலு நம்பர் லாட்டரி அடிச்சிருச்சா?"

"இல்லீங்க, ட்ரம்மு!" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்.

ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. "இது கெஸ் தான் லா. நம்மகிட்ட புரூஃப் இல்ல. போய் ரெண்டு தொட்டி வைங்க. ஒரே தாய்க்குட்டிங்க, ஒரே தீனி. ஒண்ணுக்கு ட்ரம் தண்ணி, ஒண்ணுக்கு அதே லாரித் தண்ணிய கண்ணாடித் தொட்டியில புடிச்சு ஊத்துங்க. மூணு மாசம் கைய வைக்காதீங்க. அப்புறம் கத்துங்க."

ஞாயிறு காலை திரும்பும் விமானம். வாங்கி வருவதாகச் சொன்ன சாக்லேட் நினைவுக்கே வரவில்லை. வழியெல்லாம் குறிப்பேட்டில் இரண்டு தொட்டி வரைந்துகொண்டிருந்தேன்.

கடைசிக் கூட்டத்தில் ஒரு பெண் பதினெட்டுக் குட்டி போட்டது. ஒன்பது இங்கே, ஒன்பது அங்கே. இரண்டு மாதம் கழிந்த ஒரு காலை, கண்ணாடியில் பிடித்த தண்ணீரில் ஓர் ஆணின் வாலடியில் சிவப்பு கசிந்தது. மூன்றாம் மாதம் அங்கே நாலு ஆண்கள் வாலை விரித்துப் பெண்களைத் துரத்திக்கொண்டிருந்தன. ட்ரம் தண்ணீரில் ஒன்றுக்கும் நிறம் ஏறவில்லை. ஜெசிந்தாவுக்கு வீடியோ அனுப்பினேன். "சின்ன டெஸ்ட்தான், ஆனா இப்ப கத்தலாம்" என்று பதில் வந்தது.

சிங்கப்பூரில் குழாயைத் திறந்து அப்படியே குடித்தேன். எங்கள் தெருவில் லாரி வரும் நாளில் வீட்டுக்கு வீடு ட்ரம்மில்தான் பிடித்துவைக்கிறோம். இந்த வித்தியாசம் அங்கே இருந்தபோது எனக்கு உறைக்கவில்லை. எதிர்வீட்டுக் கஸ்தூரி வந்து, "மீனுக்குத்தானே ஆகல? எனக்குக் குடு, குடிதண்ணி புடிச்சுக்கறேன்" என்றபோதுதான் உறைத்தது. அவள் கண்முன்னாலேயே ரம்பத்தை எடுத்து அந்த ட்ரம்மை இரண்டாக அறுத்தேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப்போய் இரண்டு தொட்டிகளையும் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தாள். "எங்க வீட்டு ட்ரம்முல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு யாரக் கேக்கறது?"

இருவரும் இறங்கிப் போய் அடியில் சீட்டு இருக்கிறதா என்று பார்க்க அவள் வீட்டு ட்ரம்மைச் சாய்த்தோம்.