விழப்போகும் சுவருக்கு வாரிசு

என் சித்தப்பா மகள், எனக்குத் தங்கச்சி முறை, தையல்காரி. எங்கள் தெருவில் பாதிப் பேர் உடம்பில் கிடப்பது அவள் தையல்தான். ஆளைப் பார்த்ததுமே இடுப்பு எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் முகம் சுண்டித் திரும்புவார்கள். அப்படிப்பட்ட கண்ணுக்குப் பக்கத்து வீட்டுச் சுவர் சாய்ந்தது தெரியாமல் போகுமா?

அவள் வீடு இரண்டே அறை. முன்னறையில் மெஷின், வெட்டும் மேசை, துணி மூட்டைகள். பின்னறையில் புருஷனின் கட்டில். பஸ் ஓட்டியவர், பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அந்த அறையின் ஓட்டுக்கு மேலே, ஆளில்லாத பக்கத்து வீட்டு மாடிச் சுவர் குனிந்து நின்றது. வெடிப்பில் முளைத்த செடியின் வேர் கட்டைவிரல் தடிமன். அறுபது வயதில் ஏணி வைத்து ஏறி, அளவு நாடாவின் நுனியில் கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள். சாய்வு ஏழு அங்குலம். மறுமாதம் ஏழேகால்.

மழைக்கு முன்னால் சுவரை இறக்கியாக வேண்டும். இல்லையென்றால் அது நேராகக் கட்டில்மேல்தான் இறங்கும்.

நகராட்சி அலுவலகத்துக்குத் துணையாக என்னைக் கூட்டிப் போனாள். கட்டடப் பிரிவில் இருந்த கண்ணாடிக்காரர் மனுவைப் படித்துவிட்டு, "செடின்னு எழுதியிருக்கீங்களே? செடி சுகாதாரப் பிரிவு" என்றார்.

"செடி என்னை ஒண்ணும் பண்ணலை சார். சுவர்தான் விழப்போகுது."

"அப்ப செடியை அடிச்சிட்டு வேற எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தோம். போட்டோ கேட்டார்கள். கொடுத்தோம். ரசீது எண் சொன்னால்தான் பதில் என்றார்கள்; சொன்னால், அந்த எண் போன வருஷத்துக் குழாய்ப் புகார் என்றார்கள். நாலாவது நடைக்கு ஒரு மேற்பார்வையாளர் வந்து, தெருவில் நின்றபடி அண்ணாந்து பார்த்தார்.

"சாய்ஞ்சிருக்கு. ஆனா இன்னும் விழலையே."

"விழுந்த பிறகு வருவீங்களா?"

"விழுந்துட்டா அது வேற பிரிவும்மா."

"நானே ஆள் வெச்சு இடிச்சிரட்டுமா?"

"அடுத்தவங்க சொத்து. கையை வெச்சா உங்க மேல கேஸ்."

உள்ளேயிருந்து அவள் புருஷன் குரல் கொடுத்தார்: "சாரை உள்ள வந்து என் பக்கத்துல கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லு. நல்லாத் தெரியும்!" மேற்பார்வையாளர் அவசர வேலை என்று போய்விட்டார்.

ஆறாவது நடையில் கண்ணாடிக்காரர் நோட்டீஸ் எழுதவே உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் வந்தது. அவர் பேனாவை நிறுத்தினார்.

"உரிமையாளர் யாரு?"

"அவர் செத்து ஒன்பது வருஷமாச்சு சார்."

"செத்தவருக்கு நோட்டீஸ் அனுப்ப முடியுமா? வாரிசு யாரு?"

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். உறவுமுறை என்று யாராவது கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது.

"நான் சொல்றேன் சார். அவர் கடிகாரம் ரிப்பேர் பண்ணினவர். பிள்ளைகுட்டி கிடையாது. சம்சாரமும் முன்னாலயே போயிட்டாங்க. அப்பா அம்மா எப்பவோ போயாச்சு. கூடப் பிறந்தது ஒரே தங்கச்சி. அவங்களைத்தான் எங்க சித்தப்பாவுக்குக் கட்டிக்குடுத்தது. ஒரு பித்தளை அண்டாவுக்காக அண்ணனும் தங்கச்சியும் முப்பது வருஷம் முகம் பார்க்கலை. அந்த அம்மாவும் இப்ப இல்லை. அவங்களுக்கு ஒரே பொண்ணு."

"அந்தப் பொண்ணு எங்க இருக்கு?"

"இதோ, உங்க முன்னாலதான் நிக்குது!"

பெருமையாகத்தான் சொன்னேன். தங்கச்சி என் காலை மிதித்தாள். மிதித்து என்ன பிரயோஜனம், கண்ணாடிக்காரர் எழுதி முடித்துவிட்டார். சாவுக்குக்கூடப் போகாத மாமன் வீடு. அது தன் தலையில் வந்து உட்காரும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

பத்தாம் நாள் பதிவுத் தபால் வந்தது. தங்களுக்குச் சொந்தமான சுவர் அண்டை வீட்டாரின் உயிருக்கு ஆபத்தாக உள்ளது. பதினைந்து நாளில் இடித்து அகற்றாவிட்டால் தங்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படும். புகார் கொடுத்தவர் அவள். பெற்றுக்கொண்டவரும் அவள்.

"என் மேல நானே புகார் எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன். உங்க நாக்கை இந்த மெஷின்ல வெச்சுத் தைச்சாத்தான் அண்ணே சரிப்படும்!"

கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "மச்சான், பக்கத்து வீட்டுக்காரி ரொம்ப மோசமானவ. என்னைக் கொல்லப் பார்த்திருக்கா. கால் மட்டும் நல்லா இருந்தா நேர்ல போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்."

மறுநாள் மறுபடியும் அலுவலகம். கண்ணாடிக்காரர் சொன்னார்: "இந்தச் சொத்து எனக்கு வேண்டாம்னு நீங்க ஆட்சேபணை மனு குடுக்கலாம். விசாரணை முடிய ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் யாரும் சுவரைத் தொடக் கூடாது."

அவள் மனுத்தாளைக் கையில் வாங்கினாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வானம் கறுத்துக் கிடந்தது. தாளை அவர் மேசைமேலேயே வைத்தாள்.

"வேண்டாம் சார். சுவர் என்னுதுதான். இடிக்கலைன்னாத்தானே கேஸ்?"

வீட்டுக்கு வந்ததும் வெட்டும் மேசையைத் தெருவில் தூக்கிப்போட்டு, புருஷனை முன்னறைக்கு மாற்றினோம். அந்தியிலேயே கொத்தனார் ஆட்களோடு வந்துவிட்டார். தெருக்காரர் ஒருவர், "யாரைக் கேட்டு இடிக்கிறீங்க?" என்று வந்தார். நோட்டீஸை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். மூன்றாம் நாள் கடைசி வரிசைச் செங்கல் இறங்கியது. அன்றைக்கே மழையும் பிடித்துக்கொண்டது. கட்டில் பழைய இடத்துக்குப் போயிற்று. அவள் புருஷன் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்; மழைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் மேலே இல்லை.

மழை விட்டதும் அதே மேற்பார்வையாளர் வந்து நின்றார். தெருவோரம் அனுமதியில்லாமல் இடிபாடு குவித்திருப்பதாகப் புகாராம்.

"கொட்டினது யாரு? கொத்தனார் யாருன்னு தெரியுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

கொத்தனார் என் சம்பந்தியின் தம்பி மருமகன். அவருடைய அப்பா வழி, அம்மா வழி எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. மெஷின் சத்தம் நின்றது. தங்கச்சி ஊசியில் நூல் கோத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றேன்.