உள்ளே ஒளிந்திருந்த பழைய மிஷின்

எழுபதுகளில் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் புரோகிராமர். பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். எங்கள் பழைய புரோகிராம்கள் ஓடுவதற்காக, புதியது பழைய மிஷினைப் போலவே நடிக்கும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, விற்றவர்கள் மிஷினுக்குள்ளேயே பதித்துக் கொடுத்தது, படுவேகம். மற்றது, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கீழ் ஓடும் புரோகிராம். ஆமை வேகம், ஆனால் ஒவ்வொரு படியையும் அச்சடித்துக் காட்டும். உள்ளே பதித்ததை நான் நம்பவே இல்லை. மூடி வைத்த தயிரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் ஊற்றிக்கொள்வேன்.

வேலை நிரந்தரம் ஆகப்போகிறவர்களின் பட்டியலை அந்த வேக வழியில் ஓட்டினோம். முதல் ஆளின் டோக்கன் எண்ணில் ஓர் இலக்கம் கூடுதலாக விழுந்தது. மறுபடி ஓட்டினால் சரியாக வந்தது. விவரங்களைத் துளைகளாக அடித்து மிஷினுக்குக் கொடுக்கும் கார்டும் சரியாகவே இருந்தது.

"தப்பா அடிச்ச கார்ட கிழிச்சுப் போட்டுட்டு வேற கார்டு அடிச்சு சொருவிட்டிருக்கும் அந்தப் பொண்ணு. அதும் பேர லிஸ்ட்லேர்ந்து எடுத்துடு," என்றார் சூப்பர்வைசர்.

அந்தப் பெண் பொன்னேரியிலிருந்து ரயிலில் வந்து கார்டு அடிப்பவள். நிரந்தரப் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. "மிஷின்மேலதான் சார் எனக்கு சந்தேகம்," என்று வாதாடினேன். வாய்தான் அப்படிச் சொன்னது. அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் அவளுடைய குப்பைக்கூடையில் கிழித்துப் போட்ட கார்டு கிடக்கிறதா என்று கிளறினேன். ஒன்றும் இல்லை.

விற்றவர்களின் இன்ஜினியரோ, உள்ளே இருப்பதைக் காட்ட முடியாது என்று கையை விரித்துவிட்டார். அன்று ஓடிய வேலைகளை அதே வரிசையில் மெதுவான வழியில் ஓட்டச் சொல்லி அடம்பிடித்தேன். காலை முழுக்க ஓடியது. வந்து குவிந்த தாளில் வரிவரியாகத் தேடினேன். முதல் கார்டைப் படிப்பதற்கு முன்பே அந்த இலக்கம் மிஷினின் மெமரியில், டோக்கன் எண்ணுக்கான இடத்தில் உட்கார்ந்திருந்தது. முந்தைய வேலை விட்டுப்போன மிச்சம். அந்த இடத்தை முதலில் துடைக்கும்படி என் புரோகிராமில் நான் எழுதவே இல்லை. பழைய மிஷினில் ஆபரேட்டர் ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்தித் துடைத்துவிடுவார். அதில் என் குறை மறைந்திருந்தது. எய்தவன் நான், இத்தனை நாளாக அம்பை நொந்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

சூப்பர்வைசரிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். அவள் பெயர் பட்டியலிலேயே நின்றது. அவளிடம் தாளைக் காட்டி விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, அந்தத் தாளை மட்டும் தனியாகக் கிழித்தெடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"இது என் கைல இருக்கட்டும் சார். நாளைக்கு நீங்களே மாத்திப் பேசினா, நான் இன்னாத்தக் காட்றது?"